சலப் போத்தலுக்குப் பிறகு என்ன?

கொஞ்ச நாளாகவே ஒரு வகை வீடியோ வட்ஸ்அப் குறூப்புகளில் சுற்றிக்கொண்டு திரியுது. நீல வெளிச்சம், ஒரு கண்ணாடிக் குழாய், பின்னணியில் சோக வயலின். “ஒரு சொட்டுச் சலம் போதும், சிறுநீரகப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிச்சிடலாம்” என்று ஒரு குரல். இதை அனுப்புகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கான்சர் என்ற சொல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று தெரிந்தவர்கள்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். மகரகமவுக்கும் மன்னாருக்கும் இடையில் இரவு பஸ்ஸில் போய்வந்தே களைத்துப்போன குடும்பங்கள் எங்கட பக்கம் இருக்கு.

ஆனால் “இது எங்கட ஊருக்கும் உடன வரவேணும்” என்று சொல்லும்போதுதான் எனக்கு உடன்பாடில்லை. அடம்பனுக்கு இன்றைக்குத் தேவை அந்தப் புதுச் சோதனை இல்லை. ஏற்கெனவே இருக்கிற சாதாரணச் சலச் சோதனையை, பார்க்கவேண்டிய ஆட்களுக்கு, பார்க்கவேண்டிய முறையில் செய்வதுதான் தேவை. அதில் ஏதும் தெரிந்தால் அந்த மனிசன் அடுத்து எங்கே போகவேணும், யார் அனுப்பவேணும், போகாவிட்டால் யார் தேடிப் பிடிக்கவேணும் என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கவேணும். போத்தலில் சலத்தைக் கொடுப்பது சுகமான வேலை. எங்கட ஆட்கள் தவறிப்போறது அதுக்குப் பிறகுதான்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோக்கள் முழுப்பொய் இல்லை. அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எவன் கராஷ், ஜெரமையா மொரிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்களின் சலத்தில் அக்குவாபோரின்-1, பெரிலிப்பின்-2 என்ற இரண்டு புரதங்கள் வழமையைவிட மிகக் கூடுதலாக இருந்தன. கட்டியை ஒப்பரேஷன் செய்து எடுத்த பிறகு அந்த அளவு இறங்கியது. (கராஷ் புற்றுநோய் டொக்டர் இல்லை, மயக்க மருந்து நிபுணர். பெரிய கண்டுபிடிப்புகள் சிலநேரம் பக்கத்து வீட்டுக்காரனிட்ட இருந்துதான் வரும்.) 2015இல் அவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். வேறு வேறு காரணங்களுக்காக வயிற்றுக்கு சீ.டி. ஸ்கான் எடுக்க வந்த 720 பேரின் சலத்தைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு அளவு உயர்ந்திருந்தது. அதில் இரண்டு பேருக்கு ஸ்கானில் சிறுநீரகத்தில் உண்மையாகவே கட்டி தெரிந்தது. நல்ல முடிவுதான், கைதட்டலாம்.

இப்படி ஒன்றைத் தேடுவதற்குக் காரணமும் இருக்கு. சிறுநீரகம் முதுகுப் பக்கமாக, உள்ளுக்குள் ஆழத்தில் இருக்கிற உறுப்பு. அங்கே கட்டி வந்தால் கையால் தட்டுப்படாது, நோகாது, மற்றச் சிறுநீரகம் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சலத்தில் ரத்தம், விலாவில் நோ, வயிற்றில் கட்டி என்ற மூன்று அடையாளமும் சேர்ந்து வாறது இன்றைக்கு 10 பேரில் ஒருவருக்கும் குறைவு. வேறு எதற்கோ ஸ்கான் எடுக்கப் போய் தற்செயலாகத் தெரியவருவதே கூட. அமெரிக்கக் கணக்கின்படி கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே நிற்கும்போது பிடிபட்டால் 100 பேரில் 90க்கு மேற்பட்டவர்கள் 5 வருசத்தைத் தாண்டுவார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பிறகென்றால் 20 பேர்கூட இல்லை. இந்த இரண்டு எண்களையும் பார்த்தால் யாருக்கும் “எல்லாரையும் சோதிச்சால் என்ன?” என்றுதான் தோன்றும்.

ஆனாலும் 2015க்குப் பிறகு இத்தனை வருசமாகியும், சுகமாக இருக்கிற மக்களை வரிசையில் நிறுத்திச் சலம் வாங்கிச் சிறுநீரகப் புற்றுநோய் தேடுகிற தேசியத் திட்டம் எந்த நாட்டிலும் வரவில்லை. காசில்லாததால் மட்டும் இல்லை. பெரிய காரணம் வெறும் பெருக்கல் கணக்கு.

10,000 பேர் இருக்கிற ஒரு பிரதேசம் என்று வைப்போம். அதில் 10 பேருக்கு இந்தப் புற்றுநோய் மறைந்திருக்கு என்றும் வைப்போம். இது தாராளமான கற்பனை. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் புகைபிடித்த, 55 வயது தாண்டிய ஏறத்தாழ 4,000 பேருக்கு ஸ்கானே எடுத்துப் பார்த்தபோதுதான் 10 பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் உறுதியானது. சாதாரண ஊரில் அதைவிட நன்றாகக் குறையும். எங்கட சோதனை 100க்கு 95 சரி என்று வைப்போம். அந்த 10 பேரில் 9 பேரோ 10 பேரோ பிடிபடுவார்கள். சந்தோஷம். ஆனால் நோயே இல்லாத 9,990 பேரில் 100க்கு 5 பேர் பிழையாக மாட்டுவார்கள். அதாவது ஏறத்தாழ 500 பேர். இந்த 510 பேரையும் கூப்பிட்டு “உங்கட சலத்தில் கான்சர் அடையாளம் இருக்கு” என்று சொல்லவேணும். அதில் 500 பேருக்கு ஒன்றுமில்லை. அந்த 500 பேருக்கும் ஸ்கானுக்குத் திகதி எடுக்கவேணும், வான் பிடிக்கவேணும், கூலி வேலையை விடவேணும், திகதி வரும்வரை இரவில் நித்திரை கொள்ளாமல் கிடக்கவேணும். “95 சதவீதம் துல்லியம்” என்று யாராவது வீடியோவில் சொன்னால் இந்த 500 பேரை ஒருக்கால் நினைத்துப் பாருங்கோ.

ஸ்கானில் தெரிகிற எல்லாச் சிறு கட்டியும் ஆளைக் கொல்லப் போவதில்லை என்பது அடுத்த பிரச்சினை. சிறுநீரகத்தில் சின்னதாகத் தெரிகிற கட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை. மிச்சத்திலும் மெதுவாக வளர்ந்து ஒன்றும் செய்யாமல் கிடக்கிறவை உண்டு. கத்தி வைத்த பிறகுதான் அது எந்த ரகம் என்று தெரிந்தால், போன சிறுநீரகம் திரும்பி வராது.

இதெல்லாம் சும்மா பயம் என்று நினைத்தால் ஜப்பானைப் பாருங்கோ. என்னைப் பொறுத்தவரை சலச் சோதனை பற்றிப் பேசுகிற எல்லாரும் தெரிந்திருக்கவேண்டிய கதை அது. குழந்தைகளுக்கு வாற நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பியில் தொடங்கும். அந்தக் கட்டி விடுகிற சில பொருட்கள் சலத்தில் வரும். 1970களில் கியோட்டோவில் தொடங்கி, 1980களின் நடுவில் நாடு முழுக்க, ஆறு மாதக் குழந்தைகள் எல்லாருக்கும் சலச் சோதனை வந்தது. முறையோ மிக எளிது. தாய் குழந்தையின் ஈர நப்பியில் ஒரு வடிதாளை ஒற்றி, காயவைத்து, தபாலில் அனுப்பவேணும். அவ்வளவுதான். நிறையக் கட்டிகள் பிடிபட்டன. பிடிபட்ட குழந்தைகள் பெரும்பாலும் பிழைத்தார்கள். எல்லாரும் வெற்றி என்றார்கள்.

பிறகுதான் கனடாவின் கியூபெக்கிலும் ஜேர்மனியிலும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2002இல் முடிவுகள் வந்தன. சோதனை செய்த இடத்தில் கட்டிகள் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன, ஆனால் அந்த நோயால் சாகிற குழந்தைகளின் தொகை குறையவில்லை. அந்த வயதில் சலத்தில் காட்டிக்கொடுக்கிற கட்டிகளில் பல, விட்டுவிட்டால் தானாகவே கரைந்துபோகிறவை. கொல்கிற வகையோ பெரும்பாலும் பிந்தி வந்து இந்தச் சோதனைக்குள் அகப்படாமல் தப்பியது. இடையில் எத்தனையோ பச்சைக் குழந்தைகளுக்குத் தேவையில்லாத ஒப்பரேஷனும் கீமோவும் நடந்து முடிந்திருந்தது. சிகிச்சையின் சிக்கலாலேயே இறந்த குழந்தைகளும் உண்டு. 2003இல் ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்த முடிவெடுத்தது.

அதே ஜப்பான் 1974இலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருசாவருசம் சலம் பார்க்குது. அது இன்றைக்கும் நிற்கவில்லை. அதில் தேடுவது கான்சரை இல்லை, புரதத்தையும் ரத்தத்தையும். அதாவது வெளியே தெரியாமல் சிறுநீரகத்தை அரிக்கிற அழற்சி நோய்களை. தெரிந்தால் பிள்ளையை யாரிடம் அனுப்புவது, என்ன மருந்து, எவ்வளவு காலம் பார்ப்பது என்று எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த வழி இருக்கு. ஒரே நாடு, ஒரே சலம். ஒன்று கைவிடப்பட்டது, மற்றது அரை நூற்றாண்டாக ஓடுது.

இனி எங்கட பக்கத்துக்கு வருவோம். இங்கே கிட்னி என்றாலே பலருக்கு முதலில் நினைவுக்கு வாறது கான்சர் இல்லை, “கிட்னி வருத்தம்”. வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரரைச் சாய்த்துக்கொண்டிருக்கிற, காரணம் இன்னும் முடிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய். மதவாச்சி, பதவியா என்று தொடங்கிய பெயர்ப் பட்டியலில் பிறகு வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்தன. மதவாச்சியில் ஏறினால் தலைமன்னார் ரோட்டு நேரே எங்கட பக்கம்தான் வருது. எங்கட வயலுக்குத் தண்ணி தருகிற கட்டுக்கரைக்குளமே, அநுராதபுரத்தைத் தாண்டி வாற அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து, வாய்க்காலால் கொண்டுவந்து நிரப்புகிற குளம். (இதைக் கேட்டதும் “அப்ப ஆற்றுத் தண்ணிதான் காரணம்” என்று யாரும் ஸ்டேட்டஸ் போட்டுவிடாதேங்கோ. சந்தேகம் கூட விழுந்திருப்பது கல்லுப்பிடித்த, புளோரைட் கூடின கிணற்றுத் தண்ணியில். அதோட வெயிலிலும், வேர்த்துக் காய்ந்துபோகிற உடம்பிலும், வயலுக்கு அடிக்கிற மருந்திலும்.) நிக்கரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானம் பகுதியிலும் இதே மாதிரியான நோய். எல்லா இடத்திலும் பாதிக்கப்படுவது வெயிலில் குனிந்து நிற்கிற ஆட்கள்.

அடம்பனில் இந்த நோய் எவ்வளவு என்று சொல்லுகிற எண் எதையும் நான் இங்கே வைக்கவில்லை. ஆனால் எங்கட கமக்காரரும் அதே வெயிலில், அதே முறையில் விதைக்கிறவர்கள்தான்.

இந்த நோயில் சலச் சோதனை செய்கிற குறும்பைக் கவனியுங்கோ. கிளினிக்கில் சாதாரணமாகச் செய்வது, சலத்தில் ஒரு பட்டையைத் தோய்த்து நிறம் மாறுதா என்று பார்ப்பது. அந்தப் பட்டை முக்கியமாகப் பிடிப்பது அல்புமின் என்ற புரதத்தை. சலரோகத்தாலோ பிறஷராலோ சிறுநீரகம் கெடும்போது வடிகட்டியே ஓட்டையாகி அல்புமின் ஒழுகும், பட்டை பச்சையாகும். ஆனால் கமக்காரரின் இந்த நோய் அடிப்பது வடிகட்டியை இல்லை. அதுக்குப் பின்னால் இருக்கிற நுண்குழாய்களையும் அதைச் சுற்றியுள்ள இழையங்களையும். ஆரம்பத்தில் புரதம் மிகக் குறைவாகத்தான் போகும், சிலருக்குப் போகவே போகாது. பட்டை மஞ்சளாகவே இருக்கும். “ஒண்டுமில்லை, போங்கோ” என்று சொல்லிவிடுவார்கள். மனிசன் சந்தோஷமாக வீட்ட வந்து அடுத்த நாள் மருந்தடிக்கப் போவான். இரண்டு வருசம் கழித்துக் கால் வீங்கி, சாப்பாடு வெறுத்து வரும்போது சிறுநீரகம் பாதிக்கு மேல போயிருக்கும்.

அதனால்தான் வட மத்திய மாகாணத்தில் வெறும் பட்டையை நம்பாமல், சலத்தில் அல்புமினுக்கும் கிரியாற்றினினுக்கும் உள்ள விகிதம், கூடவே ரத்தத்தில் கிரியாற்றினின் என்று போனார்கள். இரண்டும் பழைய, சாதாரண ஆய்வுகூடச் சோதனைகள்தான். பட்டைச் சோதனையில் சுகம் என்று வீட்ட போன ஒரு 45 வயதுக் கமக்காரனுக்கு ரத்தத்தையும் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்பது, எந்தப் புதுக் கண்டுபிடிப்பையும்விட எனக்கு முக்கியமாகப் படுது.

இந்த இரண்டு கதையும் ஒரு இடத்தில் முட்டுது. கிம்-1 என்று ஒரு மூலக்கூறு இருக்கு. சிறுநீரக நுண்குழாய் காயப்பட்டால் சலத்தில் கூடும். சிறுநீரகப் புற்றுநோய்க் கட்டிகளும் இதைச் சுரக்கும். ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தைச் சேமித்து வைத்துச் செய்த ஒரு ஆய்வில், நோய் தெரியவருவதற்கு ஐந்து வருசம் முன்பே ரத்தத்தில் கிம்-1 உயர்ந்திருந்தது என்று 2018இல் எழுதினார்கள். அதனால் கான்சர் அடையாளம் என்று அதற்குப் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் அதே கிம்-1ஐ ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எங்கட நாட்டுக் கமக்காரரின் சலத்தில் தேடியது வேறு காரணத்துக்காக, இந்தக் கிட்னி வருத்தத்தை முந்திப் பிடிக்க. இப்ப யோசியுங்கோ. வெயிலில் காய்ந்து, மேல்வலிக்கு வில்லை போட்டு, மருந்தடித்து வாற ஒரு ஆளின் சலத்தில் கிம்-1 கூடியிருந்தால் அது கட்டியா, காயமா? குளிர் நாட்டில், அலுவலகக் கதிரையில் இருக்கிற ஆட்களை வைத்து அளவு குறித்த சோதனை எங்கட வயலில் வந்து அதே பாஷை பேசும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. எங்கட ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்த்து, எங்கட வெயிலில் வைத்து அளந்த பிறகு கொண்டுவரட்டும். வரிசையில் முதல் ஆளாக நானே போத்தலோட நிற்பேன்.

அதுவரைக்கும் புற்றுநோய் விசயத்தில் சலம் ஒன்றுமே சொல்லாதா? சொல்லும். அதுக்கு ஆய்வுகூடமே வேண்டாம், கண் போதும். சலத்தில் ரத்தம். இதைத்தான் எங்கட சனம் சொல்லாமல் மறைக்குது.

எங்கட பக்கம் எல்லாத்துக்கும் ஒரு பெயர்: “சூடு”. சலம் கடுத்தாலும் சூடு, மஞ்சளாகப் போனாலும் சூடு, சிவப்பாகப் போனாலும் சூடு. இளநி குடி, வெந்தயம் ஊறவை, தலைக்கு நல்லெண்ணெய் வை. கடுப்புக்கு இதெல்லாம் இதமாக இருக்கலாம். வயலால வந்து தண்ணி குடியாமல் போகிற சலம் கடும் மஞ்சளாகத்தான் இருக்கும், அதுவும் சரி. பீற்றூட் சாப்பிட்டாலோ காசநோய்க்கு ரிஃபாம்பிசின் குடித்தாலோகூடச் சிவக்கும். ஆனால் நோவும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், தேத்தண்ணி நிறத்திலோ சிவப்பாகவோ கட்டிகட்டியாகவோ ஒருக்கால் போனாலும் அது சூடு இல்லை. சிறுநீரகத்திலோ சலப்பையிலோ கட்டி இருக்கலாம், கல்லு இருக்கலாம், அழற்சி இருக்கலாம். எது என்று பார்த்தே ஆகவேணும்.

இதில் ஒரு பொறி இருக்கு. அந்த ரத்தம் நின்றுவிடும். கட்டி இருந்தாலும் நின்றுவிடும். ஒரு நாள் போய், பிறகு மூன்று மாதம் தெளிந்த தண்ணி மாதிரிப் போகும். இளநி குடித்த அன்றே நின்றால் பெயர் இளநிக்குத்தான் போகும். அடுத்த முறை வரும்போது காலம் கடந்திருக்கும். இங்கிலாந்தில் டொக்டர்களுக்குக் கொடுத்திருக்கிற வழிகாட்டலில், 45 வயது தாண்டிய ஒருவருக்குத் தொற்று எதுவும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் சலத்தில் போனால் அவசரமாக நிபுணரிடம் அனுப்பவேணும் என்று இருக்கு. ஒரு தடவை போனாலும் கணக்குத்தான்.

பெண்களுக்கு இது இன்னும் மோசம். ரத்தம் என்றாலே மாதவிலக்கு என்று நினைப்பார்கள், இல்லாவிட்டால் சலக்கடுப்பு என்று பாமசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிக் குடிப்பார்கள். மாதவிலக்கு நின்று பத்து வருசமான அம்மாமாரும் இதை வாய்திறந்து சொல்லமாட்டினம். ஆம்பிளையள் சொல்லாதது வேற காரணத்தால. சொன்னால் “அந்த மாதிரி நோயோ” என்று பார்ப்பார்களாம். வெள்ளைப் பீங்கான் கக்கூசில் ஒருக்கால் குனிந்து பார்க்கிற பழக்கம் உயிரைக் காக்கும் என்று வீட்டில் நாங்கள் கதைக்கிறதே இல்லை. வேலிக்குப் பின்னால், மண்ணில் போகிற மனிசனுக்கு நிறம் தெரிய வாய்ப்பே இல்லை என்பதும் கதைக்கவேண்டிய விசயம்.

வில்லைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவடைக் காலத்தில் மேல்வலிக்கு டைகுளோபெனக் கடைமிட்டாய் மாதிரி உள்ள போகுது. வேர்த்துக் காய்ந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்கு நல்லதில்லை. “இயற்கை மருந்து” என்று பேர் இருந்தால் கேள்வியே கேட்காமல் விழுங்குகிற பழக்கமும் அப்படித்தான். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அரிஸ்டலோக்கியா இனத்துச் செடிகள். இந்த இனத்தில் உள்ள அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சலப்பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும். 1990களில் பெல்ஜியத்தில் உடம்பு மெலியக் கொடுத்த மருந்தில் இந்த இனத்துச் சீனச் செடி ஒன்று கலந்துபோய், ஏறத்தாழ நூறு பெண்களின் சிறுநீரகம் கெட்டது. அப்படிக் கெட்ட சிறுநீரகத்தை முன்னெச்சரிக்கையாக அகற்றிய 39 பேரில் 18 பேருக்குச் சலப்பாதையில் புற்றுநோய் இருந்தது. சித்த வைத்தியத்தை நான் ஏளனம் செய்யவில்லை. கஷாயத்தில் என்ன செடி என்று பெயர் கேட்டு வாங்குங்கோ என்கிறேன்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு ஒரு நண்பன் கேட்டான்: “கொழும்பில இருக்கிறவன் காசு குடுத்துப் புதுச் சோதனை செய்வான். எங்கட சனத்துக்கு மட்டும் பழைய பட்டையும் உன்ர கணக்கும் தானா? இதுவும் ஒரு புறக்கணிப்புத்தானே?” கோபம் நியாயம். போருக்குள் ஆஸ்பத்திரிகளே இடம்பெயர்ந்து திரிந்ததைப் பார்த்த மண் இது. 2008இல் அடம்பன் எப்படி வெறிச்சுப் போனது என்று பெரியாக்களைக் கேட்டால் சொல்லுவினம். குறைஞ்சதைக் கொண்டு திருப்திப்படு என்று யாராவது எங்களுக்குச் சொன்னால் எனக்கும் கோபம் வரும். ஆனால் காசு கொடுத்து ஒரு சோதனையைச் செய்துவிட்டு, பொசிட்டிவ் என்று ஒரு பேப்பரோட அடம்பன் பஸ் ஸ்ராண்டில் தனியாக நிற்கிற ஆளுக்கு நாங்கள் கொடுத்தது உரிமையா, வெறும் பேப்பரா? அந்தக் கொழும்புக்காரனுக்கு அடுத்த நாள் ஸ்கான் எடுக்கலாம். வித்தியாசம் சோதனையில் இல்லை, அடுத்த நாளில்.

அந்த அடுத்த நாளை ஒழுங்காகச் செய்ய எங்களுக்குத் தெரியாது என்றும் இல்லை. உங்கட அம்மாவைக் கேளுங்கோ. கர்ப்பவதிக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் சலம் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் மருத்துவிச்சி ஸ்பிரிட் விளக்கில் சலத்தைக் கொதிக்கவைத்துப் புரதம் பார்ப்பா. புரதம் தெரிந்து பிறஷரும் ஏறியிருந்தால் “அடுத்த மாசம் வாங்கோ” என்று யாரும் சொல்வதில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், போகாவிட்டால் மருத்துவிச்சி வீட்டு வாசலில் வந்து நிற்பா. அட்டை இருக்கு, பெயர் இருக்கு, தேடி வாற ஆள் இருக்கு. வயலில் நிற்கிற மனிசனுக்கு அந்த அட்டையும் இல்லை, வாசலில் வந்து நிற்கிற ஆளும் இல்லை.

பெரிய கட்டடங்கள் வராமல் இல்லை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பியது. 2021இல் சீன உதவியோட பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். இரண்டும் நல்ல வேலை. ஆனால் அங்கே போய்ச் சேரவேண்டிய ஆள் அடம்பனிலிருந்து முதலில் பஸ் ஏறவேணும், அதுக்கு யாரோ ஒருவர் “நீங்கள் போகவேணும்” என்று எழுதிக் கொடுக்கவேணும்.

ஆகவே நான் கேட்பது சின்ன விசயம். காலபோக அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கிற பங்குனியில், கமக்காரர் அமைப்புகளும் இளைஞர் கழகங்களும் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் ஒரு நாள் கேட்கலாம். வெறும் பட்டை வேண்டாம். சலத்தில் அல்புமின்–கிரியாற்றினின் விகிதம், ரத்தத்தில் கிரியாற்றினின், பிறஷர், கூடவே “சலத்தில் எப்பவாவது ரத்தம் போனதா?” என்ற ஒரே ஒரு கேள்வி. பிந்தியதற்கு ஓம் என்று சொன்னவர் வீட்ட போகக்கூடாது, கையில் கடிதத்தோட ஸ்கானுக்குப் போகவேணும். அறுவடைக் களைப்போட வந்த உடனே சோதித்தால் கிரியாற்றினின் சும்மாவே ஏறி நிற்கும், அதனால் நாலைந்து நாள் ஆறவிட்டுச் செய்யவேணும். உயர்ந்திருக்கிற ஆட்களுக்கு மூன்று மாதம் கழித்து இன்னொருக்கால் செய்யவேணும், அப்பதான் நாட்பட்ட நோயா இல்லையா என்று சொல்லலாம். அது சிறுபோகத்துக்கு நடுவில், ஆனி மாதத்தில் வரும். எல்லாரும் வயலில் நிற்கிற நேரம். அந்த நாளில் ஒரு கொப்பியோட மோட்டார் சைக்கிளில் வரம்புக்குப் போய்ப் பெயர் கூப்பிடுகிற வேலையை எங்கட வயசு ஆட்கள் எடுக்கலாம், அதுக்கு டொக்டர் படிப்பு வேண்டாம். பங்குனியில் போத்தல் கொடுத்தவர்களில் எத்தனை பேர் ஆனியிலும் கொடுத்தார்கள் என்ற எண்ணை மட்டும் எனக்கு அனுப்பிவையுங்கோ.